மீதிக் காசு

வாப்பாவின் றங்குப் பெட்டி உம்மாவின் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. 2004 டிசம்பர் 26 இல் கடல் ஊருக்குள் வந்தபோது எங்கள் வீடு வாவிப் பக்கம் இருந்தபடியால் அந்தப் பெட்டி தப்பியது. அதற்குள் காணி உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், வாப்பாவின் கணக்குக் கொப்பி ஒன்று. கொப்பிக்குள் நாலாக மடித்த ஒரு கைத்துண்டு.

துண்டில் இருப்பது இவ்வளவுதான். படுவான்கரையில் வாப்பாவுக்கு முதுசமாக வந்த நாலு ஏக்கர் வயலை எண்பதினாயிரம் ரூபாவுக்கு விற்கச் சம்மதம். நாற்பதினாயிரம் கையில் கிடைத்தது. மீதி நாற்பதினாயிரம் 1990 கோடைப் போகம் வெட்டியதும் தரப்படும். மீதிக் காசு தந்ததும் உறுதி முடித்துக் கொடுக்கப்படும். திகதி 1989 நவம்பர். விற்றவர் ஒப்பம், வாங்கினவர் ஒப்பம், சாட்சிகள் இரண்டு.

நொத்தாரிசிடம் போகவில்லை. அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் செய்தார்கள். வாங்கினவர் எங்கள் வயலிலேயே பன்னிரண்டு வருடம் முல்லைக்காரராக நின்றவர். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வாப்பா அவரைத் தம்பி என்பார். வரம்பு கட்டுவதிலிருந்து களவெட்டியில் சூடடித்து முடிப்பதுவரை அந்த வயலை வாப்பாவை விட அவருக்குத்தான் தெரியும். அவர் காசு தராமல் விடுவார் என்று வாப்பா ஒருநாளும் நினைத்திருக்க மாட்டார். அவரும் அப்படி நினைத்திருக்க மாட்டார்.

மட்டக்களப்பு வாவியைத் தெரியாத வாசகர்களுக்காக ஒரு விசயம். இந்த வாவி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளம். கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கிற ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. காத்தான்குடி அங்கேதான் இருக்கிறது. வீட்டுக்கு வீடு சுவர் முட்டுகிற ஊர். வாவிக்கு அப்பால் சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை. வயலும் குளமும் மாட்டுப் பட்டியும் அங்கே. எங்கள் ஊர்ப் போடிமார் இங்கே தொழுதுவிட்டு மண்முனைத் துறையில் பாதையேறி அங்கே போய் வேளாண்மை பார்ப்பார்கள். பாதை என்றால் இங்கே தெரு அல்ல, ஆட்களையும் வண்டிகளையும் அக்கரைக்கு ஏற்றிப் போகிற மிதவை. மாரி முழுதும் வாடியில் கிடந்து, நெல்லோடு திரும்பி வருவார்கள். ஒரு கரையில் வீடு, மறு கரையில் சோறு. நடுவில் தண்ணீர்.

நாற்பதினாயிரத்தில் ராத்தாவின் சீதன வீட்டுக்கு மேல் தட்டுப் போட்டார்கள். நமது பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் பேச முடியாது. அந்த வழக்கம் சரியா பிழையா என்று இந்த இதழின் பக்கங்களில் நிறையப் பேசியாயிற்று. நான் சொல்ல வருவது, அந்த வயலின் பாதி சீமெந்தாக மாறி ராத்தாவின் தலைக்கு மேல் நின்றது என்பதைத்தான். 1990 மார்ச்சில் கல்யாணம் நடந்தது.

ஜூனில் யுத்தம் திரும்பவும் தொடங்கியது. ஜூலையில் குருக்கள்மடத்தில் வழிமறிக்கப்பட்டவர்கள் வீடு திரும்பவில்லை. ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு, மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனியாப் பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டார்கள். நூறு பேருக்கு மேல். அடுத்த வாரம் ஏறாவூர். அந்த வருடக் கோடைப் போகம் வெட்டுகிற காலம் அது. மீதிக் காசு வரவேண்டியிருந்த காலமும் அதுதான்.

பிறகு துறை எங்களுக்கு மூடிக்கொண்டது. படுவான்கரை புலிகளின் கையில். எங்களில் ஒருவரும் அக்கரைக்குப் போக நினைக்கவில்லை. அக்கரையில் இருந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையில் நடந்ததும், 1991 ஜூன் 12 இல் மகிழடித்தீவில் இராணுவம் செய்ததும் எல்லோரும் அறிந்தவை. அந்த இரண்டாவது நாள் அண்ணனின் குடும்பத்திலும் ஒருவரைக் கொண்டுபோனது என்று நாங்கள் பல வருடம் கழித்துத்தான் அறிந்தோம். எங்கள் மையித்துக்களை எண்ணிக்கொண்டிருந்த நாட்களில் அவர்களுடையதை யார் வந்து சொல்வது?

2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்தம் வந்தது. ஏப்ரலில் ரவூப் ஹக்கீம் கிளிநொச்சி போய்ப் பிரபாகரனைச் சந்தித்தார். முஸ்லிம்கள் தங்கள் வயல்களுக்குப் போகலாம் என்று பேச்சு வந்தது. சிலர் போனார்கள், சிலர் பயந்தார்கள். 2003 இல் மாரிப் போகம் வெட்டிய பிறகு ஒருநாள் எங்கள் வாசலில் ஒரு சைக்கிள். அதில் இரண்டு மூடை நெல். கொண்டு வந்த பொடியன், “போடியாருக்கு அண்ணன் குடுத்துவிட்ட” என்று மட்டும் சொன்னான். அடுத்த வருடம் மேலும் இரண்டு மூடை. வாப்பா இரண்டையும் கொப்பியில் எழுதினார். திகதி, மூடைக் கணக்கு, அன்றைய நெல் விலை. பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு: “கேட்காமல் வந்தது.”

வாப்பா ஒரு தரம் பாதையேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அண்ணனின் வளவில் இருந்து தேத்தண்ணி குடித்தாராம். காசைப் பற்றி வாப்பாவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. “கேட்டிருக்கலாமே” என்று உம்மா ஏசினா. “அவன்ட முகத்தப் பார்த்தா கேக்க வராது புள்ள” என்று வாப்பா சொன்னதை நான் கேட்டேன்.

2006 இல் அண்ணன் காலமானார். 2007 மார்ச்சில் படுவான்கரைச் சனம் ஷெல்லுக்குத் தப்பி, கையில் கிடைத்ததோடு வாவியைக் கடந்து அகதி முகாம்களுக்கு வந்தது. அவர்கள் வைத்திருந்த கைத்துண்டின் பிரதி அந்த ஓட்டத்தில் போயிற்று. 2010 ஜனவரியில் வாப்பா வபாத்தானார். நாற்பதாம் நாள் கத்தத்துக்கு முதல் நாள் ஒரு மூடை நெல் வந்தது. இந்த முறை அனுப்பியது அண்ணனின் பெண்சாதி. வாப்பா செய்தபடியே நானும் கொப்பியில் எழுதி வைத்தேன். அந்த வரி என்னுடைய கையெழுத்தில் இருக்கிறது. அது பிறகு என்னவாக மாறும் என்று அப்போது தெரியாது.

2014 இல் மண்முனைத் துறைக்குப் பாலம் வந்தது. பாதைக்காகக் காத்துக்கிடந்த இடத்தை மோட்டார் சைக்கிளில் கண் மூடித் திறப்பதற்குள் கடக்கலாம். பாலம் வந்ததும் காணி விலை ஏறியது. காணி விலை ஏறியதும் எங்கள் வீட்டில் அந்த நாலு ஏக்கர் திரும்பவும் உயிர்த்தது. ராத்தாவின் மாப்பிள்ளைதான் முதலில் பேச்செடுத்தார். “காசு தரல்லெண்டா காணி நம்மடதுதானே மச்சான். இருவத்தாறு வருசம் சும்மா விளைவிச்சித் திண்டிருக்காங்க.” அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

2016 கடைசியில் மட்டக்களப்பில் ஒரு சட்டத்தரணியிடம் போனோம். பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் மேசையில் பரப்பினோம். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னதை எனக்கு விளங்கியபடி தருகிறேன். இதே நிலையில் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, அந்தக் கைத்துண்டு. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் எழுதாத காணி விற்பனை சட்டத்தின் கண்ணில் விற்பனையே அல்ல. ஆகவே காணி இன்றைக்கும் வாப்பாவின் பெயரில்தான். ஒரு வகையில் இது எங்கள் அதிர்ஷ்டம் என்றார். வாப்பா அன்றைக்கே உறுதி முடித்துக் கொடுத்திருந்தால், மீதிக் காசு வராவிட்டாலும் காணி போனது போனதுதான். காசு கேட்டு வழக்குப் போடலாம், அதுவும் சில வருடங்களுக்குள். காணியைத் திருப்பிக் கேட்க முடியாது. இந்தியாவில் 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், முழு விலையும் கிடைக்காத விற்பனையாளனுக்கு அந்தச் சொத்தின் மீதே ஒரு பற்றுரிமை தருகிறதாம். நம் நாட்டில் அப்படி வேண்டுமென்றால் உறுதியோடு சேர்த்து ஈடும் எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஆட்சி. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் பத்து வருடம் தடையில்லாமல், இன்னொருவரின் உரிமையை ஏற்றுக்கொள்ளாமல், தனக்கென்றே காணியை ஆண்டுவந்தால் அது அவருடையதாகத் தீர்ப்புப் பெறலாம். அண்ணன் வீட்டார் இருபத்தாறு வருடம் ஆண்டுவிட்டார்கள். இங்கேதான் எங்கள் பக்கம் பலவீனம். ஆனால் 2016 ஏப்ரலில் பாராளுமன்றம் ஒரு விசேட சட்டம் இயற்றியிருந்தது, அந்த வருடத்தின் 5 ஆம் இலக்கம். ஆயுதக் குழுக்களின் செயலால் நீதிமன்றம் போக முடியாதிருந்தவர்களுக்கு 1983 மே 1 இலிருந்து 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். ஆனால் இரண்டு வருடத்துக்குள் வழக்கு வைக்க வேண்டும். போக முடியாதிருந்தோம் என்பதை நாங்கள்தான் காட்டவும் வேண்டும். மட்டக்களப்பு நகர நீதிமன்றம் காத்தான்குடிக்குப் பக்கத்தில்தானே இருந்தது என்று எதிர்த்தரப்பு கேட்கலாம்.

அப்படிச் சொல்லிக்கொண்டே கொப்பியைப் புரட்டியவர் ஓரிடத்தில் நின்றார். “இந்த நெல்லு யார் அனுப்பின?”

சொன்னோம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப அந்தப் புதுச் சட்டத்தில தொங்கத் தேவையில்ல. காணிக்காரருக்கு விளைச்சலில பங்கு குடுத்தா, அவர்ட உரிமைய ஏத்துக்கொண்ட மாதிரி. பத்து வருசக் கதை அங்கேயே உடைஞ்சிரும். கடைசி மூடை 2010 இல, அதுவும் அந்தப் பொம்புளையே அனுப்பினது. நல்ல சாட்சி.”

மச்சானின் முகம் மலர்ந்தது. நான் என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து தேத்தண்ணிக் கடையில் இருந்தபோதுதான் அது எனக்கு முழுதாக விளங்கியது. அண்ணன் ஒன்றுமே அனுப்பாமல், எங்களை மறந்து, இது என் காணிதான் என்று நிமிர்ந்து நின்றிருந்தால் சட்டம் அவர் பக்கம் சாய்ந்திருக்கலாம். யுத்த நிறுத்தத்தில் துறை திறந்ததும், பாதையேற்றி, சோதனைச் சாவடி தாண்டி, கடனை மறக்கவில்லை என்று காட்ட நாலு மூடை நெல் அனுப்பினார் பாருங்கள், அதுதான் அவருடைய பெண்சாதியின் காலை வாரப் போகிறது. கத்தத்துக்கு வந்த அந்த ஒரு மூடையும் சேர்ந்து. நாங்கள் அந்த அரிசியில் சோறாக்கி, பாத்திஹா ஓதி, ஊருக்குக் கொடுத்திருந்தோம்.

வழக்கு வைக்க முதல் ஒரு தரம் நேரில் பார்ப்போம் என்று நான் மட்டும் பாலம் கடந்து போனேன். அக்கா என்னை அடையாளம் கண்டா. “போடியார்ட மகன்தானே? வாங்க தம்பி” என்று கதிரையை இழுத்துப் போட்டா. வீடு முன்பிருந்த இடத்தில் இல்லை. மீள்குடியேறிய பிறகு கட்டிய சின்ன வீடு. மகளும் மருமகனும் இரண்டு பேரப்பிள்ளைகளும். வேளாண்மையை மருமகன் பார்க்கிறான்.

நான் சுற்றி வளைத்துப் பேச்சைத் தொடங்க முதல் அவவே உள்ளே போய் ஒரு பழைய பால்மாப் பேணியைக் கொண்டு வந்து வைத்தா. “மனிசன் சாகக்குள்ள சொல்லிப்போட்டுத்தான் செத்த. போடியார்ட மீதிக் காசு நாப்பது குடுக்கோணும், உறுதி எழுதோணும் எண்டு. இதுக்குள்ள இரிக்கு தம்பி. எண்ணிப் பாருங்க.”

நான் எண்ணவில்லை. பேணியைத் தொடவும் இல்லை. 1990 இல் அந்தக் காசில் இரண்டு ஏக்கர் வயல் வாங்கலாம். 2016 இல் அது ஒரு நல்ல கறவைப் பசுவுக்கே போதாது. ஆனால் துண்டில் எழுதியிருப்பது நாற்பதினாயிரம்தான். நெல்லாகவோ பவுணாகவோ எழுதவில்லை. அவ சொல்லுக்குச் சொல் துண்டின்படி நிற்கிறா. துண்டின் பிரதிகூட அவவிடம் இல்லை. எல்லா அத்தாட்சியும் எங்கள் றங்குப் பெட்டிக்குள். நான் என்ன கேட்டு வந்தேன்? காசு தராதவர்களிடம் காணி கேட்டு வந்தேன். அவ காசை முன்னால் வைத்துக்கொண்டு இருக்கிறா.

“உம்மாவோட கதைச்சிட்டு வாறன் அக்கா” என்று எழும்பினேன். வரும்போது சட்டத்தரணியிடம் போனதையும் சொல்லிவிட்டேன். மறைக்கக் கூடாது என்றுதான் சொன்னேன். ஆனால் சொன்னதும் அவவின் முகத்தில் வந்த பயத்தைப் பார்த்தபோது, மறைக்காமலிருப்பதும் சில வேளை மிரட்டுவதுதான் என்று பட்டது.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று ஊரில் ஒரு மௌலவியிடம் கேட்டேன். பழைய கிதாபுகளோடு பழகியவர். குர்ஆனின் மிக நீளமான வசனம் சூரத்துல் பகறாவின் 282 ஆவது, அது கடனை எழுதி வைப்பது பற்றியது என்று தொடங்கினார். “ஒங்கட வாப்பா எழுதினார். அரைவாசிதான் எழுதினார்” என்று சிரித்தார். அதற்குக் கொஞ்சம் முன்னால் 280 ஆவது வசனம், நெருக்கடியில் இருக்கிற கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது, விட்டுக்கொடுப்பதை இன்னும் மேலானதாகச் சொல்கிறது.

“அப்ப காணியத் திருப்பி எடுக்கேலாதா?”

எடுக்க இடமிருக்கிறது என்றார். வாங்கினவன் முறிந்துபோய் விலையைக் கொடுக்க முடியாமல் நின்றால், விற்ற பொருள் அப்படியே அவனிடம் இருந்தால், மற்றக் கடன்காரர்களை விட விற்றவனுக்கே அதில் உரிமை கூட என்று அபூஹுறைறா (றழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஹனபி மத்ஹபில் விற்றவனும் மற்றக் கடன்காரர்களில் ஒருவன்தான். நமது ஷாபிஈ மத்ஹபில் அந்த ஹதீஸின்படி திருப்பி எடுக்கலாம், வாங்கினவன் இறந்துவிட்டாலும். விலையில் ஒரு பகுதி முன்பே கைக்கு வந்திருந்தால்? இமாம் ஷாபிஈ அவர்களின் முந்திய கருத்துப்படி பொருளைத் திருப்பி எடுக்க முடியாது. பிந்திய கருத்துப்படி, வராத விலைக்கு ஈடான பங்கை மட்டும் எடுக்கலாம். நவவி இமாமின் மின்ஹாஜில் இரண்டும் இருக்கிறது என்றார்.

“ஆனா ஒண்டு மகன். இது காழி முறிஞ்சவன் எண்டு தீர்த்தவனுக்கு உள்ள சட்டம். நீங்க செல்லுற பொம்புள பேணியில காசு வெச்சிக்கிட்டிருக்கா. இதப் பத்வா எண்டு எடுத்துக்கிட்டுப் போயிராதீங்க.”

பத்வாவாக எடுக்கவில்லை. ஆனால் வராத விலைக்கு ஈடான பங்கு என்ற அந்தச் சொல் என்னோடு வீட்டுக்கு வந்தது. எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்பதைத் தவிர வேறு ஒரு வழியை அதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

வீட்டில் பெரிய சண்டை. பாதியைத்தான் எடுப்போம் என்றதும் ராத்தா அழுதுவிட்டா. “ஒனக்கு மனசு பெருசெண்டா ஒன்ட பங்க குடு. என்ட பங்குல தர்மம் செய்ய நீ யாரு?” அவ கேட்டது சரி. வாப்பாவின் சொத்து வாப்பாவோடு முடிந்தது. மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் என்றால் முப்பத்திரண்டு பங்கில் உம்மாவுக்கு நாலு, எனக்குப் பதினாலு, ராத்தாவுக்கும் தங்கச்சிக்கும் ஏழு ஏழு. ராத்தாவின் ஏழில் தாராளமாக இருக்க எனக்கு ஹக்கு இல்லை. அடுத்தவர் பங்கில் நல்லவனாவது மிகச் சுகம்.

உம்மாதான் முடிவாகப் பேசினா. “புள்ள, ஒன்ட வீட்டு மேல் தட்டு யார்ட காசு? அந்த நாப்பதும் வாப்பா வாங்கித்தான் போட்டார். அரைவாசிக் காணி அண்டைக்கே வித்தாச்சி. வித்தது ஒங்கட முதுசமில்ல. பங்கு வைக்கிறெண்டா மிச்சத்தத்தான் வைக்கோணும்.” கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “அந்த அஞ்சி மூட நெல்லையும் கழியுங்க. திண்டதத் திண்டமெண்டு செல்லோணும்” என்றா. கத்தத்துக்கு வந்தது ஹதியா, அது விலையில் சேராது என்று மச்சான் சொன்னார். உம்மா கேட்கவில்லை.

கணக்குப் பார்த்தோம். எண்பதினாயிரத்துக்கு நாலு ஏக்கர். நாலு ஏக்கர் பதினாறு றூட். றூட்டுக்கு ஐயாயிரம். வாப்பா வாங்கினது எட்டு றூட்டின் விலை. அந்தந்த வருட விலையில் ஐந்து மூடை நெல் ஏறத்தாழ ஐயாயிரம், அது ஒரு றூட். ஆக ஒன்பது றூட் அவர்களுடையது. மீதி ஏழு றூட், அதாவது ஒரு ஏக்கரும் மூன்று றூட்டும், எங்களுக்கு. ஏழு றூட்டென்றால் இருநூற்றியெண்பது பேர்ச். அதில் ராத்தாவுக்கு அறுபத்தொன்றேகால். கடதாசியில் எழுதிக் காட்டியபோது ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தண்ணி பாயுற பக்கம் வேணும்” என்றா. சம்மதித்துவிட்டா என்று அதில் தெரிந்தது.

திரும்பவும் பாலம் கடந்து போய் அக்காவிடம் சொன்னேன். மீதிக் காசு வேண்டாம், ஒன்பது றூட்டுக்கு உறுதி முடித்துத் தருகிறோம், ஏழு றூட்டை நாங்கள் எடுக்கிறோம். அவ மருமகனைப் பார்த்தா. அவன் நிலத்தைப் பார்த்தான். “சரி தம்பி, ஒங்களுக்குச் சரியெண்டா எங்களுக்கும் சரி” என்றா. வழக்கு என்ற சொல்லை நான் முன்பே அந்த வளவில் போட்டுவிட்டு வந்திருந்தேன். அதன் பிறகு அவ வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அந்தச் சரியை முழுச் சம்மதமாக எடுப்பதா என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

2017 இல் நில அளவையாளர் வந்து அளந்தார். நடு வரம்பை மருமகனே வெட்டினான். நாங்கள் தண்ணீர் பாய்கிற பக்கத்தைக் கேட்கவில்லை, வாய்க்கால் இரண்டு பக்கமும் தொடுகிறபடி நீளவாக்கில் பிரித்தோம். ராத்தா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. நொத்தாரிசு முன்னால் நாங்கள் நால்வரும் ஒப்பமிட்டோம். விலையாக நாற்பத்தையாயிரம் கிடைத்தது என்று எழுதச் சொன்னோம். நொத்தாரிசு சிரித்தார். முத்திரை வரி இன்றைய பெறுமதிக்குத்தான் கட்ட வேண்டும் என்றார். அதை இரண்டு பக்கமும் பாதியாகக் கட்டினோம். அக்கா தன்னுடைய பாதியை அந்தப் பால்மாப் பேணியிலிருந்துதான் எடுத்து வைத்தா.

எங்கள் ஏழு றூட்டை இப்போது யார் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். அதே மருமகன்தான், குத்தகைக்கு. எங்களில் ஒருவருக்கும் வேளாண்மை தெரியாது. அவன் போகத்துக்குப் போகம் குத்தகையைக் கொண்டு வந்து கொடுத்து, பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு போகிறான். அதற்கு மேல் ஒரு மூடை நெல்கூட வந்ததில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்க்கவும் எங்களுக்கு முகமில்லை. கணக்கு இப்போது சுத்தமாக இருக்கிறது.

வாவியின் இரண்டு கரையிலும் இப்படிப் பாதி எழுதிய துண்டுகள் எத்தனையோ பெட்டிகளில் கிடக்கின்றன. எங்கள் கையில் அவர்களுடைய துண்டும், அவர்கள் கையில் எங்களுடைய துண்டும். தராதவன் யார், தர முடியாமல் போனவன் யார் என்று பிரித்துப் பார்க்காமல் காணியை எடுக்கவும் கூடாது, விடவும் கூடாது என்பது மட்டும்தான் இதில் நான் கற்றது. சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. அது வருடங்களை எண்ணத் தெரிந்தது. துறை ஏன் மூடிக் கிடந்தது என்பதை எண்ண வேண்டியவர்கள் நாங்கள்.

கைத்துண்டைக் கிழித்துவிடலாம் என்று நொத்தாரிசு சொன்னார். நான் கிழிக்கவில்லை. கொப்பிக்குள் திரும்ப வைத்தேன். வைக்கும்போது, நெல் வந்த மூன்று பதிவுகளுக்கும் கீழே ஒரு வரி எழுதினேன். திகதி, ஏழு றூட். பக்கத்தில், வாப்பாவின் குறிப்புக்கு நேரே, “கேட்டு எடுத்தது” என்று எழுதி மூடினேன்.